படத்தில் மட்டும் நேரான காது

ஸ்டுடியோக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எவர் முகத்தைப் பார்த்தாலும் அதில் எதை எடுக்கலாம், எதை ஏற்றலாம் என்று அவன் கண் கணக்குப் போடும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கன்னத்து மரு, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, முன்பல் இடைவெளி எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே துடைத்துவிட்டுத்தான் அவனுக்கு அடுத்த வேலை. பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவனை விட்டால் ஆள் கிடையாது. பிறந்த குழந்தை என்றால் நாம் நினைக்கிற மாதிரி பொம்மையாகவா இருக்கும்? தோல் உரிந்து, முகம் சிவந்து, மூக்கெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு, யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்த கிழவனைப் போல இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் வைத்து இழைத்து இழைத்து அவன் கையில் கொடுக்கும்போது, "எங்க பிள்ளை அப்படியே இருக்கு" என்று பெற்றவர்கள் உருகுவார்கள். எங்கே அப்படியே இருக்கிறது? ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்தக் காக்கைக்கு இருக்கிற புத்தி இவனுக்கு இல்லாமல் போனதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் யாராவது 'ஐயோ பாவம்' என்று இவனுக்காக உச்சுக் கொட்டினால் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். வலது காதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடது காதின் மேல் பாதி, படித்த இடத்துக்கு அடையாளமாகத் தாளின் மூலையை மடித்து வைப்போமே, அந்த மாதிரி முன்பக்கமாக மடிந்து கவிழ்ந்து கிடந்தது. விரலால் நிமிர்த்தினான், நிமிர்ந்தது. விரலை எடுத்தான், மெல்ல மறுபடியும் கவிழ்ந்தது. அத்தனை மெத்தென்று இருந்தது அது.

அன்றைக்கு வார்டைச் சுற்றி வந்த டாக்டர் அவசரக்காரர். காது கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை முடிந்து, இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது என்று வந்திருந்தது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வயிற்றுக்குள் அந்தப் பக்கமாக அழுத்திப் படுத்திருக்கும், தானாக விரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சில குழந்தைகளுக்கு முதல் சில நாளில் அப்படி விரியவும் செய்யும். எந்தக் குழந்தைக்கு விரியும், எதற்கு விரியாது என்று காத்திருந்து பார்ப்பதற்கு அதிக நாள் கிடையாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

சொல்லக்கூடிய ஆள் சொந்தத்திலேயே இருந்தாள். மனைவியின் தங்கை வேறு ஊரில் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அதுவும் காதுப் பிரிவில். மடிந்தும் சுருங்கியும் தலையோடு ஒட்டியும் பிறக்கிற காதுகளைப் பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே அச்சு வைத்து நிமிர்த்துகிற இடத்தில்தான் அவளுக்கு வேலை. சேதி கேட்டதும் போன் பண்ணினாள். அக்காக்காரி அழுத குரலில் காது ஒன்று மடிந்த மாதிரி இருக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல் என்றாள். தங்கை உடனே மாமாவைக் கூப்பிடச் சொன்னாள். குழந்தையின் தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் மூக்கு யார் ஜாடை என்று பார்ப்பார்களாம், இவளுக்குக் காதைப் பார்த்தால்தான் தண்ணீர் இறங்குமாம். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அழகாக எடுக்கிறவர் சொந்தப் பிள்ளையை மங்கலாக எடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்று கேலி வேறு செய்தாள்.

அவன் எடுத்தான். நல்ல கேமராவில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தான். மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போய் அதைத் திறந்து உட்கார்ந்தான்.

கை தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. நெற்றியில் உரிந்த தோல் போயிற்று. மூக்குப் புள்ளிகள் போயின. கன்னத்துச் சிவப்பு அடங்கியது. பிறகு வலது காதைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கத்தில் கச்சிதமாக உட்கார வைத்து, ஓரத்து நிழலைச் சரிசெய்தது. முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவன் பார்த்தான். பார்த்தானா, அப்போதாவது நிறுத்தினானா? ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய காது திரும்பி வந்திருக்கும். அவன் தட்டவில்லை. திரையில் இருந்த பெண் அவ்வளவு அழகாக இருந்தாள். தானாக விரியப்போகிற காதுதானே, நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே காட்டினால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். குடிதான் முழுகியது.

முடித்த படத்தை மூலப் படத்தின் மேலேயே பதிந்து விடுவது அவன் தொழில்முறை. பழையது கிடந்தால் பிள்ளை வளர்ந்து வந்து அதைக் கேட்கும், வீண் வம்பு என்பான். அன்றைக்கும் அப்படியே பதிந்தான், அப்படியே அனுப்பினான்.

தங்கையிடமிருந்து பதில் அக்காவின் போனுக்கு நேராகப் போனது. மடிப்பாவது மண்ணாவது, காதுக்கு ஒரு குறையும் இல்லை, பெற்றவள் கண்ணுக்கு எல்லாம் குற்றமாகத்தான் தெரியும், கவலையை விட்டுத் தூங்கு என்று சொன்னாள். மனைவி படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன, பிள்ளையே மடியில் இருக்கும்போது? இந்த மாதிரிக் காது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தெரிந்தவளே சொல்லிவிட்டாள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அன்றுதான் பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள். அவன் பக்கத்து நாற்காலியில், திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். கொழுந்தியாளைக் கூப்பிட்டு, "தப்பாப் போச்சும்மா, அது என் கைவேலை, உண்மையான காது இதுதான்" என்றால் முடிந்தது. வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? இரண்டு மூன்று தடவை போனை எடுக்கவும் எடுத்தான். எடுத்துவிட்டு, அங்கே மழையா, டூட்டி எப்படி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தான். என்ன மாமா திடீரென்று என்மேல் இவ்வளவு பாசம் என்று அவள் சிரித்தாள். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. விரிந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்ற நப்பாசையும் விடவில்லை.

விரியவில்லை. அவனே ஒட்டு நாடாவைக் கத்தரித்துக் காதை நிமிர்த்தித் தலையோடு ஒட்டிப் பார்த்தான். தோல் சிவந்து குழந்தை வீரிட்டது. மனைவி ஓடி வந்து நாடாவைப் பிய்த்து எறிந்தாள். "ஒண்ணும் இல்லன்னு அவளே சொல்லிட்டா. நீங்க எதுக்குப் பிள்ளைய நோண்டுறீங்க?" என்று கேட்டாள். தன் பொய்யே தன்னைத் தடுக்க வந்து நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு குழந்தை தலையில் எப்போதும் தொப்பி. ஸ்டுடியோவில் கூடை நிறையத் தொப்பி உண்டு. முயல் தொப்பி, கரடித் தொப்பி, பூ வைத்த தொப்பி. சித்திக்காரி வீடியோவில் கூப்பிட்டால் போனை அவன்தான் பிடிப்பான். எந்தக் கோணத்தில் எது தெரியும், எது தெரியாது என்பது அவனுக்குத் தெரியாததா? வலது பக்கம் மட்டுமே ஊருக்குக் காட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். குளிப்பாட்டும்போது மட்டும் ரகசியமாக அந்தக் காதைத் தொட்டுப் பார்ப்பான். முதலில் ஈர மாவைப் போல இருந்தது. பிறகு கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒருநாள் நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்ததும், மெல்லக் கவிழாமல் சட்டென்று பழைய இடத்துக்கே போய்விட்டது. என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று முடிந்துபோய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தும் சும்மாதான் இருந்தான்.

வார்டில் ஆள் பற்றாக்குறை என்று தங்கைக்கு லீவு கிடைக்கவே இல்லை. அவள் வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகி, ஆளைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது. பையைக் கூடக் கீழே வைக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள். இந்த வெயிலில் என் பிள்ளைக்குக் கரடி வேஷமா என்று சொல்லித் தொப்பியைக் கழற்றினாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, அந்தக் காதை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினாள். விட்டாள். மறுபடி நிமிர்த்தினாள். ஆறேழு தடவை அதையே செய்தாள். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை ஏன் எனக்குக் காட்டல?" என்று கேட்டாள்.

காட்டினோமே, நீதானே ஒன்றும் இல்லை என்றாய் என்றாள் மனைவி. தங்கை சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு விஷயமே விளங்கியது. குழந்தை பிறக்கும்போது தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்பு அதன் உடம்பில் கொஞ்ச நாள் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை காதுக் குருத்தெலும்பு பிசைந்த மாவு. அந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் அச்சு வைத்துக் கட்டினால் சொன்னபடி கேட்கும். கத்தி இல்லை, ஊசி இல்லை, குழந்தை தூங்குகிறபோதே கட்டிவிடலாம். அது வடிந்துபோனால் இறுகிவிடும். இறுகின பிறகு ஆபரேஷன்தான், அதுவும் ஐந்தாறு வயசாகிக் காது வளர்ந்த பிறகு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். இது ஐந்து வருஷக் கணக்குக்கூட இல்லை, முதல் ஐந்து நாளிலேயே கட்டியிருந்தால் வளைந்திருக்கும்.

மனைவி தங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குத்தானே உன்னைக் கேட்டேன், நீ சரியாகப் பார்க்கவில்லையா, உன் வேலையே அதுதானே, உன் வாயை நம்பித்தானே நான் சும்மா இருந்தேன் என்று கத்தினாள். தங்கை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டூட்டி நடுவில் நின்றுகொண்டே பார்த்தேன் அக்கா, என் கண் அவிந்து போயிற்று என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாருடைய பிள்ளைகளுக்கோ அச்சுக் கட்டினேன், என் அக்கா பிள்ளையைக் கோட்டைவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இவன் எங்கே இருந்தான் என்று கேட்கிறீர்களா? அதே அறையில், கதவோரம் நின்றுகொண்டிருந்தான். பார்த்துக்கொண்டேதான் நின்றான். பேச நாக்கு எழவில்லை என்று பிறகு சொன்னான். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். நல்ல நாக்கு.

கடைசியில் தங்கைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படி விட்டேன் என்று பார்க்கிறேன் என்று போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். போனை அக்காவிடம் நீட்டினாள்.

மனைவி ஸ்டுடியோவின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் படங்களை எடுத்துக் கொடுப்பவள். புருஷன் கைவேலையை எட்டு வீட்டுக்கு அப்பாலிருந்தே கண்டுபிடிப்பாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இது என்னங்க?" என்றாள்.

"கை பழக்கத்துல... தானா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரேன்னு..."

"உண்மையான படம் எங்க?"

"இல்ல."

இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தன் பெண் பிறந்த அன்று எப்படி இருந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரு படம் கிடையாது. அவள் எழுந்து, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இவன் பக்கம் திரும்பவில்லை. மன்னித்துவிடு என்று அவன் சொன்னது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? பெரிய டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்று மறுநாளே மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கையின் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய டாக்டர் ஒரு பொறுமையான அம்மாள். காதை மடக்கி, நிமிர்த்தி, பின்பக்கம் தடவிப் பார்த்தார். பிறந்தபோது எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள், அப்போது எவ்வளவு மடிந்திருந்தது என்று தெரிந்தால் நல்லது என்றார். தங்கை, படம் எடுக்கவில்லை டாக்டர் என்றாள். அவன் தரையைப் பார்த்தான்.

இப்போது அச்சுக் கட்டினால் தோல்தான் புண்ணாகும், காது சொன்னபடி வளையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக வளர்த்துக்கொண்டு வாருங்கள், பள்ளிக்கூடம் போகிற வயசில் பார்க்கலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். திட்டவே இல்லை. இவ்வளவு தாமதமாக ஏன் வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. தினம் நாலு பேர் இப்படி வருகிறார்கள் போலிருக்கிறது.

வெளியே வருகிற வழியில் அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு சிசு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் அதன் காதைச் சுற்றி முடியை மழித்து, மடிப்புக்குள் மெழுகு மாதிரி ஒன்றைப் பிசைந்து வைத்து, மேலே மெல்லிய மூடியை ஒட்டினாள். குழந்தை உதட்டைச் சப்பிக்கொண்டதே தவிர விழிக்கவில்லை. ஒரு தேநீர் ஆறுகிற நேரம்தான் ஆகியிருக்கும், வேலை முடிந்துவிட்டது. வாசலில் நின்ற அந்தக் குழந்தையின் தகப்பன், சின்ன வயசுக்காரன், இவனிடம் வந்து, "உங்க பாப்பாவுக்கும் இதுதானா சார்? வலிக்காதுங்களே?" என்று கேட்டான்.

வலிக்காது, ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள் என்று இவன் சொன்னான். குரல் உடைந்துபோயிற்று. அந்தப் பையன் என்ன நினைத்தானோ, இவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

தங்கை டூட்டிக்குப் போய்விட்டாள். இவர்கள் இரண்டு பேரும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மனைவி ஜன்னல் ஓரம். குழந்தை அவன் மடியில், தலையில் தொப்பி இல்லாமல். பையிலிருந்த தொப்பியை மனைவி ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டாள். அவன் கை இரண்டு மூன்று தடவை தானாகவே அந்தக் காதை மூடப் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் கையை எடுத்தான்.

எதிர்ப்பக்க இருக்கையில் ஒரு அம்மாள் குழந்தைக்குச் சொடக்குப் போட்டு விளையாட்டுக் காட்டினாள். குழந்தையும் பொக்கை வாயைத் திறந்து சிரித்து, தலையை ஆட்டித் திரும்பியது. அம்மாளின் கண் அந்தக் காதில் போய் நின்றது. கெட்ட மனசு இல்லை, பாசத்தோடுதான் கேட்டாள். என்னப்பா, காது ஏன் இப்படி இருக்கு என்று.

மனைவி ஜன்னலிலிருந்து திரும்பி, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும், இந்த ஒரு தடவையாவது என்று துடித்தான். துடித்து என்ன?

"பொறவியிலேயே அப்படித்தாங்க" என்றான்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளும் அட பாவமே, போகட்டும், பிள்ளை மகாலட்சுமியாட்டம் இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவி கையை நீட்டிக் குழந்தையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்துக்கொண்டே, சண்டைக் குரல் இல்லாமல் கேட்டாள்.

"நாளைக்கு இவ வளந்து வந்து கேப்பா. அவகிட்டயும் இதையேதான் சொல்லுவீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திருப்பது போலச் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு தூங்கிப்போனது.